உப்புக்காற்று ஊரில் ஆர்எக்ஸ் 100: வீட்டிலேயே கழற்றி, அளந்து, பூட்டும் முறை

சேலத்தில் பத்து வருடம் நின்ற வண்டியும் கடலூர் முதுநகரில் பத்து வருடம் நின்ற வண்டியும் ஒன்றல்ல. அங்கே தூசி படியும். இங்கே உப்பு படியும். தேவனாம்பட்டினம், அரியாங்குப்பம், காலாப்பட்டு என்று கடலை ஒட்டிய எந்த ஊரிலும் ஸ்போக் நிப்பிள், சைலன்சரின் அடிவயிறு, ஒயர்களை இணைக்கும் கப்ளர், பேட்டரிப் பெட்டியின் அடித்தகடு ஆகிய நான்கும் முதலில் போகும். இன்ஜின் பெரும்பாலும் பிழைத்திருக்கும். ஆகவே இந்தப் பக்கத்தில் வண்டி கட்டுவது என்றால் பாதி வேலை துருவோடுதான்.

இங்கே எடுத்துக்கொள்வது யமஹா ஆர்எக்ஸ் 100. 1985 முதல் 1996 வரை இந்தியாவில் வந்த வண்டி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மி.மீ., 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக், ரீட் வால்வு, நான்கு கியர். ஹெட்டில் வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் கிடையாது என்பதால் வீட்டில் கழற்றப் பழகுவதற்கு இதைவிட எளிய இன்ஜின் கிடைப்பது அரிது. போர் அடிப்பது (தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைவது), கிராங்க் பிரஸ் செய்வது (கிராங்கைப் பிரித்து ராடு மாற்றி அழுத்திப் பூட்டுவது), பிளாஸ்டிங்கும் (மணல் வீசித் துருவை எடுப்பது) பெயிண்டும் ஆகிய மூன்று வேலைகள் மட்டும் வெளியே போகும். மற்றதெல்லாம் வாசல் திண்ணையில் முடியும்.

ஒரே ஒரு நிபந்தனை: அளந்து பார்ப்பதற்கு முன் ஒரு உதிரிப் பாகமும் வாங்கக் கூடாது. "ஃபுல் கிட்" என்று பெட்டி பெட்டியாக வாங்கிவிட்டுக் கழற்றுபவர்கள், நன்றாக இருந்த அசல் பாகத்தை எடுத்துப்போட்டு டூப்ளிகேட்டை மாட்டுகிறார்கள். முப்பது வருடம் ஓடியும் அளவுக்குள் நிற்கும் அசல் கியர், இன்று பாலிதீன் கவரில் வரும் புதுக் கியரைவிட நல்லது.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

முதலில் ஆர்.சி. புத்தகம். கடைசி ஆர்எக்ஸ் 100 வந்தே முப்பது வருடம் ஆகப்போகிறது. பதிவு 15 வருடத்துக்குத்தான். அதன் பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். அதற்கான விண்ணப்பம் படிவம் 25. சேஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இந்த மாடலில் இன்ஜின் மாற்றிய வண்டிகளும் திருட்டு வண்டிகளும் அதிகம். டி.என். 31 (கடலூர்) வண்டியை வாங்கிப் புதுச்சேரியில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால், பழைய அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்கி, பி.ஒய். எண்ணுக்கு மாற்ற வேண்டும். எண் பொருந்தாத வண்டிக்கு உழைப்பைக் கொட்டாதீர்கள்.

ஓடும் நிலையில் இருந்தால் ஒரு சுற்று ஓட்டி, கேட்டதையும் பார்த்ததையும் நோட்டில் எழுதுங்கள். எந்த கியர் நழுவுகிறது, கிளட்ச் வழுக்குகிறதா, சூடானபின் ஐடில் ஏறிக்கொண்டே போகிறதா, வெள்ளைப் புகையா நீலப் புகையா. கழற்றியபின் இந்தக் கேள்விகளுக்கு இன்ஜின் பதில் சொல்லாது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்றால் கிக் அடிக்கவே கூடாது. 2015 மழையிலும் 2024 பெஞ்சல் புயலிலும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் தண்ணீரில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கிராங்க் கேஸுக்குள் வண்டல் இருக்கும். ஒரு கிக் போதும், பிக் எண்ட் பேரிங்கும் (கனெக்டிங் ராடின் அடிமுனை பேரிங்) போரும் சேர்ந்து போய்விடும். வெறுமனே பிடித்துக்கொண்ட இன்ஜின் என்றால், பிளக் ஓட்டை வழியாக டீசலும் 2டி ஆயிலும் (இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினுக்குப் பெட்ரோலோடு போகும் ஆயில்) சரிபாதி கலந்து ஊற்றி மூன்று நாள் விடுங்கள். பிறகு டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பெரும்பாலும் விடும். கிக்கர் மேல் ஏறிக் குதித்தால் உடைவது கிக் ஷாஃப்ட்தான்.

கருவிகள்

8 முதல் 19 வரை ரிங் ஸ்பேனரும் பாக்ஸும், ரப்பர் சுத்தியல், சர்க்ளிப் பிளையர், ஃபீலர் கேஜ், வெர்னியர், சிறிய டார்க் ரெஞ்ச். இவை பலரிடமும் இருக்கும். இல்லாமல் தொடங்கவே கூடாதவை இரண்டு. ஒன்று, இந்த வண்டியின் மேக்னெட்டை (கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரம்) இழுத்தெடுக்க உரிய புல்லர். ஓரத்தில் சுத்தியலால் தட்டி எடுக்கப் பார்த்தால் மேக்னெட் விரியும், கிராங்க் வளையும். இன்னொன்று, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர். சைடு கவரையும் கிராங்க் கேஸையும் பிடிப்பவை ஜப்பானிய அளவுப் பிளஸ் ஸ்க்ரூக்கள். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அவற்றின் தலையில் சரியாக உட்காராது, இரண்டாவது திருப்பில் தலை வழித்துக்கொள்ளும். ஏற்கெனவே வழித்திருந்தால் தலையை டிரில் பண்ணி எடுங்கள். கவர் வந்தபின் மிச்சத் தண்டைப் பிளையரால் சுழற்றிவிடலாம். பூட்டும்போது ஆலன் போல்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஸ்டீல் போல்ட்டு அலுமினியத்தில் மாட்டும் இடங்களில் கடற்கரை ஊருக்கென்று ஒரு விதி உண்டு. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் துருப்பிடிக்காது என்று மாட்டுவார்கள். உப்பு ஈரம் சேர்ந்தால் எஸ்.எஸ். போல்ட் அப்படியே இருக்கும். அதைச் சுற்றிய அலுமினிய மரைதான் அரித்து வெள்ளைப் பொடியாகும். இரண்டு வருடம் கழித்துத் திருப்பினால் மரையோடு வரும். எந்த போல்ட் ஆனாலும் மரையில் காப்பர் கிரீஸ் தடவிப் போடுங்கள்.

கழற்றும் வரிசை

எல்லாவற்றுக்கும் முன் குளிப்பாட்டுங்கள். டீசலும் பிரஷும் கொண்டு கிரீஸ் மண்ணை எடுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். கரையோர வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவிக் காயவிட்டால் உப்பை நாமே பூசிய மாதிரி. கடைசி அலசல் குடிநீர் கேனில்.

இன்ஜினை இறக்குமுன், அது ஃபிரேமில் இருக்கும்போதே, இறுகிய நட்டுகளைத் தளர்த்திவிட வேண்டும். முதல் தடவை கழற்றுபவர்கள் தவறவிடும் இடம் இது. இன்ஜினை மேசைமேல் வைத்தபின் அதைப் பிடித்துக்கொள்ள இரண்டு ஆள் வேண்டும். ஃபிரேமில் இருந்தால் வண்டியே பிடித்துக்கொள்ளும். கியர் ஆயிலை வடித்து, இரு பக்கக் கவரையும் எடுங்கள். டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திக்கொள்ள, முன் ஸ்ப்ராக்கெட் நட்டு, கிளட்ச் நடு நட்டு, பிரைமரி கியர் நட்டு, மேக்னெட் நட்டு நான்கையும் விட்டுவிடுங்கள். மடித்த லாக் வாஷர் இருந்தால் முதலில் அதை உளியால் நிமிர்த்துங்கள். கிளட்ச் வழுக்கினால் பிரைமரி கியர்ப் பற்களுக்கு நடுவே பழைய செப்புத் துண்டு ஒன்றை வைத்துப் பூட்டலாம். பிளக் ஓட்டையில் கயிறு விட்டுப் பிஸ்டனைத் தடுக்கும் நான்கு ஸ்ட்ரோக் வித்தை இங்கே வேண்டாம். கயிறு சிலிண்டர் சுவரிலுள்ள போர்ட் ஓட்டையில் மாட்டிப் பிஸ்டன் ஓரம் உடையும்.

பிறகு சீட், டேங்க், கார்ப்பரேட்டர், சைலன்சர், செயின், ஒயரிங் என்று இறக்குங்கள். கப்ளரை விடுமுன் இரு பக்கமும் ஒரே எண் எழுதிய டேப் ஒட்டுங்கள். கேபிள்கள் ஃபிரேமில் எந்தப் பக்கமாக வளைந்து போகின்றன என்பதை நான்கு கோணத்தில் படம் எடுங்கள். எல்லாரும் இன்ஜினைத்தான் படம் எடுக்கிறார்கள். கடைசியில் விடை தெரியாமல் நிற்பது கிளட்ச் கேபிள் ஹேண்டிலுக்கு முன்னாலா பின்னாலா என்பதில்தான். நட்டு போல்ட்டுகளைப் பழைய ஸ்வீட் டப்பாக்களில் இடவாரியாகப் போட்டு, டப்பாவுக்குள்ளேயே சீட்டு எழுதி வைக்கவும். கவர் ஸ்க்ரூக்கள் நீளம் வேறுபடும். ஒரு அட்டையில் கவரின் உருவம் வரைந்து, ஸ்க்ரூ இருந்த அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூ குட்டை ஓட்டையில் போனால் கேஸ் உடைந்தே தெரியும்.

அளவெடுப்பு

ஹெட்டும் சிலிண்டரும் எடுத்தவுடன் கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடையுங்கள். பிஸ்டனை ராடோடு இணைக்கும் பின்னைப் பிடிக்கும் சர்க்ளிப் (பூட்டு வளையம்) தெறித்து உள்ளே விழுந்தால் முழு இன்ஜினையும் பிளக்க வேண்டும்.

போர் தேய்மானம் அறிய விலையுயர்ந்த கேஜ் தேவையில்லை. ஒரு ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக்கி, ரிங் ஓடாத அடிப்பகுதியில் அதன் முனை இடைவெளியை ஃபீலரால் அளங்கள். பிறகு எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குச் சற்று மேலே அதே ரிங்கை வைத்து அளங்கள். இரண்டின் வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் போர் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வரும். கீழே 0.30, மேலே 0.62 என்றால் வித்தியாசம் 0.32; தேய்மானம் 0.10 மி.மீ. அது போர் அடிக்க வேண்டிய சிலிண்டர். 0.05-க்குள் இருந்து கோடுகளும் இல்லையென்றால் புது ரிங் போதும். புது ரிங்கின் முனை இடைவெளி 0.15 முதல் 0.35 மி.மீ.க்குள் வர வேண்டும். குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டி ரிங் உடையும்; மெல்லிய அரத்தால் ஒரு முனையைத் தேய்த்துச் சரிசெய்யலாம்.

பிஸ்டனையும் படியுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு விழுந்திருந்தால் சூடேறிப் பிடித்த வண்டி: ஆயில் குறைவு, இல்லையென்றால் காற்றுக் கசிவு. சுற்றிலும் நான்கு இடத்தில் கோடு என்றால் போர் நெருக்கமாக அடிக்கப்பட்டது, அல்லது ரன்னிங்கில் (புது இன்ஜின் பழகும் முதல் ஓட்டத்தில்) விரட்டப்பட்டது. இன்டேக் பக்கம் மங்கலாகத் தேய்ந்து மணல் தேய்த்த மாதிரி இருந்தால் ஏர் ஃபில்டர் இல்லாமல் ஓடியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதே கோடு அதே இடத்தில் திரும்ப வரும்.

அடுத்து கனெக்டிங் ராடு. மேலும் கீழும் இழுத்தால் துளியும் ஆட்டம் தெரியக் கூடாது; தெரிந்தால் பிக் எண்ட் போய்விட்டது. பக்கவாட்டில், ராடின் மேல்முனை 0.8 முதல் 1 மி.மீ. ஆடுவது இயல்பு, 2 மி.மீ. தாண்டினால் ராடு கிட் மாற்ற வேண்டும். ரீட் வால்வை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இதழ்கள் படிந்து மூடுகின்றனவா, ஓரம் சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள். சிதைந்த துண்டு ஏற்கெனவே இன்ஜினுக்குள் போயிருக்கும். கிளட்ச் ஸ்டீல் பிளேட்டுகளைக் கண்ணாடி மேல் வைத்து ஆட்டமில்லாமல் உட்காருகிறதா பார்க்கலாம்.

கேஸைப் பிளக்கும்போது நடு இணைப்பில் ஸ்க்ரூ டிரைவரை நுழைக்காதீர்கள். எல்லா ஸ்க்ரூவும் வந்திருந்தால் ரப்பர் சுத்தியல் தட்டுக்கே விடும். விடவில்லை என்றால் ஒரு ஸ்க்ரூ எங்கோ மிச்சம் இருக்கிறது. எல்லாம் எடுத்தும் கிராங்க் வர மறுத்தால் புல்லர் போட்டு இழுங்கள், ஷாஃப்ட்டை அடிக்காதீர்கள். கியர் பெட்டி திறந்தவுடன் ஷிம் வாஷர்கள் கேஸின் பக்கம் ஒட்டிக்கொண்டு வரும்; எது எந்த ஷாஃப்ட்டுடையது என்று அப்போதே கம்பியில் கோத்து வையுங்கள். நழுவிய கியரின் பூட்டுப் பற்கள் ஓரம் உருண்டிருக்கும், கூடவே அந்த ஷிஃப்ட் ஃபோர்க்கும் தேய்ந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் பலனில்லை.

இப்போது பட்டியல் போடுங்கள். சீல், பாக்கிங், சர்க்ளிப் எந்த நிலையில் இருந்தாலும் புதிது. பேரிங் சத்தம் வந்தாலும் சொரசொரத்தாலும் புதிது. பழைய பேரிங் மேல் பொறித்த எண்ணையும், எண்ணுக்குப் பின் சி3 போன்ற குறி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லி வாங்குங்கள். குறி இருந்த இடத்தில் குறி இல்லாத பேரிங்கைப் போட்டால் சூட்டில் நெருங்கிப் பிடிக்கும்.

லேத்துக்குப் போகும் வேலை

பிஸ்டனை வாங்கிக் கையில் கொண்டுபோன பிறகே போர் அடிக்கக் கொடுங்கள். ஓவர்சைஸ் 0.25 மி.மீ. படியாக, 25, 50, 75, 100 என்று வரும். "50 சைஸ் அடிச்சிடுங்க" என்று சிலிண்டரை மட்டும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. அச்சிட்ட அளவும் உண்மை அளவும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் மாறும். பிஸ்டனின் அடி ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. மேலே, பின்னுக்குக் குறுக்கே அளந்து, பிஸ்டனோடு வந்த தாளில் சொன்ன கிளியரன்ஸுக்கு அடிக்கச் சொல்லுங்கள். இந்த அளவு காற்றுக் குளிர்ப்பு இன்ஜினில் அது 0.04 - 0.05 மி.மீ. பக்கம் வரும். முடிந்ததும் போர்ட் ஓரங்களைச் சாய்த்து மழுக்கச் சொல்ல மறக்காதீர்கள். கூரான ஓரத்தில் ரிங் மாட்டி, சில நூறு கிலோமீட்டரில் உடையும். இதைக் கேட்காமலே செய்பவர் நல்ல லேத்காரர். கேட்டபின் "எதுக்கு" என்பவரிடம் கிராங்கைக் கொடுக்க வேண்டாம்.

கிராங்க் பிரஸ் செய்து வந்தால், இரு முனைகளிலும் டயல் கேஜ் வைத்துச் சுழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அதிர்வு கைப்பிடியில் தெரியும், சீல் சீக்கிரம் தேயும்.

போர் அடித்த சிலிண்டரைப் பெட்ரோலில் கழுவினால் போதாது. ஹோனிங் கல்லின் பொடி கோடுகளுக்குள் இருக்கும். வெந்நீரும் பாத்திர சோப்பும் போட்டுப் பிரஷால் தேய்த்து அலசி, காய்ந்த உடனே 2டி ஆயில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வருவது நிற்கும் வரை திரும்பக் கழுவுங்கள்.

துரு

டேங்க்: பெட்ரோல் டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, 10 லிட்டர் வெந்நீரில் அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் தூளைக் கரைத்து ஊற்றி ஒரு நாள் விடுங்கள். துரு தடிமனாக இருந்தால் ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்கலாம். போட்டதை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். வடித்ததும் சமையல் சோடாக் கரைசலில் ஒரு தடவை அலசி, நல்ல தண்ணீரில் அலசி, ஹேர் டிரையரால் உடனே காயவையுங்கள். ஈரமாக அரை மணி நேரம் விட்டாலே உள்ளே காவி ஏறும். காய்ந்ததும் ஒரு லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி 2டி ஆயில் கலந்து சுற்றிலும் பூசி வையுங்கள். கக்கூஸ் ஆசிட் வேண்டாம். துருவோடு தகட்டையும் தின்னும், காய்ந்தபின் முன்னைவிட வேகமாகத் துரு ஏறும்.

சின்னச் சின்ன இரும்புப் பாகங்களுக்கு மின்சார முறை நன்று. பிளாஸ்டிக் வாளியில் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவை சோடா. பாகத்தை 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவில், கட்டடக் கம்பித் துண்டு ஒன்றைப் பாசிட்டிவில் கட்டி, இரண்டும் தொடாமல் இறக்கி இரவு முழுக்க விடுங்கள். எஸ்.எஸ். கரண்டியைக் கம்பிக்குப் பதில் பயன்படுத்தினால் நச்சுக் குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வாயு வெளியாகும் என்பதால் திறந்த வெளியில் செய்யவும். அலுமினியப் பாகங்களை இதில் போடக் கூடாது.

சைலன்சரின் வால் பக்கத்து ஸ்க்ரூவை எடுத்துப் பேஃபிளை (உள்ளே இருக்கும் சத்தம் அடக்கும் குழல்) உருவிச் சுட்டு உதறுங்கள். குழாய்க்குள் கரி இறுகியிருந்தால் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ காஸ்டிக் சோடா. தண்ணீரில் சோடாவைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். சோடாமேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை வெளியே கொடுத்துவிடுவதே மேல்.

பிளாஸ்டிங் அல்லது பவுடர் கோட்டிங்குக்கு ஃபிரேமைக் கொடுக்குமுன் சேஸ் எண்ணை டேப்பால் மூடி, படமும் பென்சில் பிரதியும் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிங்கில் எண் மழுங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படாதபாடு படவேண்டும். ஸ்டியரிங் கோன் கப் உட்காரும் இடம், ஸ்விங் ஆர்ம் புஷ், மரைகள், எர்த் ஒயர் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். வெறும் இரும்பாக வந்த ஃபிரேமைக் கடலோரத்தில் ஒரு ராத்திரி வைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். அதன்மேல் அடித்த பிரைமர் ஒரு வருடத்தில் கொப்பளிக்கும். பிளாஸ்டிங் முடிந்த அன்றே பிரைமர். ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் வேலை வைக்காதீர்கள். காற்றின் ஈரம் பட்டு மேல்பூச்சு வெளுத்துப் போகும். மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம்.

பூட்டுவது

பேரிங்கை முதல் நாளே பாலிதீனில் சுற்றி ஃபிரீசரில் வையுங்கள். பழைய சீல்களை எடுத்துவிட்ட கேஸைத் தோசைக்கல் மேல் மெல்லச் சூடாக்கி, தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஓடும் பதம் வந்ததும் பேரிங்கை நேராக விட்டால் தானே போய் உட்காரும். சுத்தியல் வேண்டியதில்லை. (சமையலறைக் கல்லையே எடுத்தால் வீட்டில் வரும் விளைவுக்கு இந்தக் குறிப்பு பொறுப்பேற்காது.) ஆறியபின் சீல்: ஸ்ப்ரிங் தெரியும் பக்கம் கிராங்கை நோக்கி, உதட்டில் கிரீஸ் தடவி.

கேஸ் இணைப்பில் முன்பு பேப்பர் பாக்கிங் இருந்தால் அதே தடிமன். இல்லையென்றால் அனபாண்ட் பசை மெல்லிய ஒரே பூச்சு. பிதுங்கும் அளவு பூசினால் உள்ளே பிதுங்கியதும் ஆயில் வழியை அடைக்கும். ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சுற்றில் இறுக்கி, ஒவ்வொரு சுற்றிலும் கிராங்கைச் சுழற்றிப் பாருங்கள். கனமாகச் சுழன்றால் ஷாஃப்ட் முனையை ரப்பர் சுத்தியலால் இரு பக்கமும் லேசாகத் தட்டினால் பக்க இறுக்கம் விடும்.

பிஸ்டன் தலையிலுள்ள அம்பு எக்ஸாஸ்ட் பக்கம். ரிங்கின் எழுத்து மேல்நோக்கி. முனைகள் பிஸ்டனிலுள்ள ஆணிமேல் உட்கார வேண்டும், இல்லையேல் சிலிண்டர் இறங்கும்போதே ரிங் முறியும். சர்க்ளிப்பின் வாய் நேர் மேலோ நேர் கீழோ. 6 மி.மீ. ஸ்க்ரூக்களுக்கு 10 நியூட்டன் மீட்டர், 8 மி.மீ. ஹெட் நட்டுகளுக்கு 22 அளவில், குறுக்காக மூன்று சுற்று. மேக்னெட் டேப்பர் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். கிரீஸ் இருந்தால் நழுவி அரைவட்டச் சாவி அறுந்து டைமிங் மாறிவிடும். புதுக் கிளட்ச் பிளேட்டுகளை ஒரு இரவு கியர் ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள்.

மேக்னெட்டும் கிளட்ச் கவரும் மாட்டுமுன் ஒரு சோதனை உண்டு. பலரும் விடுகிறார்கள், இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினின் ஆயுள் அதில்தான் இருக்கிறது. கிராங்க் கேஸில் காற்று கசிந்தால் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடிக்கும். எக்ஸாஸ்ட் வாயைச் சைக்கிள் டியூப் ரப்பரும் பலகைத் துண்டும் வைத்து அடையுங்கள். ஆயில் பம்ப் குழாய் வரும் ஓட்டையையும் அடையுங்கள். பிளக்கை மாட்டி, பிஸ்டனை அடியில் நிறுத்தி, இன்டேக் மேனிஃபோல்டில் ரப்பர் அடைப்பான் வழியாக ஒரு குழாய் விடுங்கள். அதில் பழைய பி.பி. பார்க்கும் கருவியின் பல்பையும் டயலையும் இணைத்து 300 வரை ஏற்றுங்கள். அது ஆறு பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஏற்றினால் சீல் பிதுங்கும். நிமிடத்துக்கு 50-க்கு மேல் இறங்கினால் கசிவு. ஷாம்பூத் தண்ணீரைச் சீல், பேஸ் பாக்கிங், கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் பூசினால் குமிழி இடத்தைக் காட்டும். மேக்னெட் பக்கச் சீல் கசிந்தால் ஐடில் ஏறி இறங்காது, வண்டி பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளையாகப் புகைக்கும். ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும்.

ஃபிரேம் பக்கத்து வேலையில் நின்று பார்க்க வேண்டியது கொஞ்சம்தான். கோன் செட் உருண்டைகள் மேல் எத்தனை, கீழ் எத்தனை என்று எண்ணி எழுதி, புதுச் செட்டில் அதே எண்ணிக்கை. பிரேக் லைனிங் 2 மி.மீ.க்குக் கீழ் போனால் மாற்றுங்கள். பழைய டிரம் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் எடுங்கள், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ரிம் ஆட்டம் 2 மி.மீ.க்குள். செயின் தொய்வு 20 முதல் 30 மி.மீ.

ஒயரிங்கில் பச்சை பூத்த கப்ளர் எல்லாவற்றையும் வெட்டி, புது டெர்மினல் கிரிம்ப் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். எலக்ட்ரிகல் டேப் மட்டும் சுற்றினால் உப்புத் தண்ணீரை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இறுக்கியபின் வாஸ்லின் தடவுங்கள். ஸ்பார்க் வராத புதுப் பெயிண்ட் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

கார்ப்பரேட்டர், ஆயில், முதல் ஸ்டார்ட்

பைலட் ஜெட்டைக் குத்திச் சுத்தம் செய்யக் கம்பி எடுக்காதீர்கள். மீன்பிடி வலைத் தங்கூசி நரம்பு சரியான கருவி; துளையை அகலப்படுத்தாது. ஏர் ஸ்க்ரூ முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்குங்கள். இன்றைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால்; பழைய ரப்பர் பைப்பும் ஃப்ளோட் நீடில் முனையும் அதில் ஊறி உப்பும். புதிதாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஆகவே மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் கார்ப்பரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட வேண்டும்.

ஆயில் பம்ப் இருக்கும் வண்டியானாலும் முதல் டேங்குக்கு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயிலைப் பெட்ரோலில் கலந்துவிடுங்கள். பம்ப்பில் காற்று அடைத்திருந்தால் இதுதான் இன்ஜினைக் காப்பாற்றும். முந்தைய ஓனர் பம்ப்பைக் கழற்றிவிட்ட வண்டி என்றால் ரன்னிங் முடியும்வரை லிட்டருக்கு 33 மில்லி, பிறகு 25 மில்லி.

ஸ்டார்ட் ஆனதும் சாலைக்கு ஓடாதீர்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, ஃபின் கைக்குச் சில்லென்று ஆகும்வரை ஆறவிட்டு, மீண்டும் ஓடவிடுங்கள். மூன்று தடவை. மூன்றாவது ஆறலுக்குப் பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள்.

முதல் 500 கிலோமீட்டர் அரை திராட்டிலுக்கு மேல் வேண்டாம். ஒரே வேகத்தில் நீண்ட நேரமும் வேண்டாம். அதனால் கடலூர் - புதுச்சேரி நேர்ச்சாலை இதற்கு ஏற்றதல்ல. பாகூர் உள்வழிகளில் ஏறி இறங்கி, வேகம் கூட்டிக் குறைத்து ஓட்டினால் ரிங் நன்றாகப் படியும். இறக்கத்தில் திராட்டிலை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே உருளாதீர்கள். அப்போது இன்ஜினுக்குப் பெட்ரோலோடு ஆயிலும் மிகக் குறைவாகவே கிடைக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் மாறி வண்டி பின்னால் இழுப்பது போலத் தோன்றினால் உடனே கிளட்ச்சைப் பிடியுங்கள், யோசிப்பது அப்புறம்.

100 கிலோமீட்டரில் பிளக்கைப் பாருங்கள். பால் விட்ட காபி நிறம் சரி. வெளுத்திருந்தால் கலவை மெலிவு, கசிவு சோதனைக்குத் திரும்புங்கள். கரியாக நனைந்திருந்தால் ஏர் ஃபில்டர், சோக், ஃப்ளோட் வரிசையில் பாருங்கள். 500 முடிந்ததும் கியர் ஆயிலை மாற்றுங்கள். வடித்த ஆயிலில் மின்னும் பொடி இருப்பது புது இன்ஜினுக்கு இயல்பு, விரலில் உறுத்தும் துண்டு இருந்தால் கவரைத் திறங்கள். ஸ்போக், செயின், இன்ஜின் மவுண்ட் போல்ட், ஸ்டியரிங் கோன் எல்லாவற்றையும் அன்றே ஒரு சுற்று இறுக்குங்கள். சில்வர் பீச் பக்கம் போய்வந்த நாளில், வண்டி ஆறியதும் ஸ்போக்குக்கும் சைலன்சர் அடிக்கும் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு நிறுத்துங்கள்.